கெய்ன்சின் முதலீட்டு நெறி: சுழற்சிக் கணிப்பிலிருந்து நிறுவனத் தேர்வுக்கு

ஜான் மேனார்டு கெய்ன்சைப் பொருளியல் அறிஞராக அறிந்த அளவுக்கு நிதி மேலாளராக நாம் அறிந்ததில்லை. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் முதன்மைப் பொருளாளராக 1924 முதல் 1946இல் இறக்கும்வரை அதன் பணத்தை அவரே நிர்வகித்தார். அக்காலத்தில் அவருடைய முதலீட்டு முறை அடியோடு மாறியது. இதை ஒரு மேதையின் மனமாற்றமாக மட்டும் பார்ப்பது போதாது. பொறுத்துப் பார்க்க இடம்கொடுத்த கல்லூரி இல்லையெனில் அந்த மாற்றம் கனிந்திருக்காது என்பதே என் கருத்து.

அன்றைய ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் செல்வம் பெரும்பாலும் நிலத்திலும் கடன் பத்திரங்களிலும் இருந்தது. சாதாரணப் பங்குகள் சூதாட்டத்துக்கு அடுத்தபடியாகக் கருதப்பட்டன. கெய்ன்ஸ் கல்லூரி நிலங்களில் ஒரு பகுதியை விற்கச் செய்தார். முதன்மைப் பொருளாளராவதற்கு முன்பே, 1920இல் 30,000 பவுண்டுடன் 'செஸ்ட்' என்ற தனி நிதியைத் தொடங்கி, தம் விருப்பப்படி முதலிடும் உரிமையையும் பெற்றார்.

தொடக்கத்தில் அவர் நம்பியது கடன் சுழற்சிக் கணிப்பை. வட்டி விகிதமும் வணிக நிலவரமும் திரும்பும் தருணத்தை முன்கூட்டியே அறிந்து, ஏறுமுன் வாங்கி இறங்குமுன் விற்பது அதன் சாரம். அனுபவம் அதற்கு நேர்மாறாக இருந்தது. 1920இல் நாணய ஊக வணிகம் அவரைக் கிட்டத்தட்ட ஓட்டாண்டியாக்கியது. 1928இல் ரப்பர், பருத்தி போன்ற சரக்குகளின் விலைச்சரிவு அவர் சொந்தச் செல்வத்தைக் கரைத்தது. 1929 வீழ்ச்சியையும் அவர் முன்னறியவில்லை. பொருளாதாரத்தின் போக்கை அவரளவு அறிந்தவர் அன்று மிகச் சிலரே. அவராலேயே சந்தையின் திருப்பங்களைப் பிடிக்க முடியவில்லை.

1930களில் அவர் பார்வை சந்தையை விட்டு நிறுவனத்தின்மீது திரும்பியது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றை நடத்திய எஃப். சி. ஸ்காட்டுக்கு 1934இல் எழுதிய கடிதத்தில், நன்கறிந்த, நிர்வாகத்தில் நம்பிக்கையுள்ள சில நிறுவனங்களில் பெருந்தொகையை இடுவதே சரி என்றார். அறியாத பலவற்றில் பணத்தைப் பரப்புவது பாதுகாப்பாகாது என்றும் விளக்கினார். ஆஸ்டின் மோட்டார், தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலோடு தொடர்புள்ள யூனியன் கார்ப்பரேஷன் ஆகியவை அவர் விரும்பிய பங்குகள். 1938 மே மாதம் கல்லூரிக்கு அளித்த குறிப்பில், சுழற்சிக் கணிப்பு தமக்குக் கைகூடவில்லை என்று ஒப்புக்கொண்டு, உள்மதிப்பைவிட மலிவான சிலவற்றைத் தேர்ந்தெடுத்தல், ஏற்ற இறக்கங்களில் அசையாது வைத்திருத்தல், ஒன்றுக்கொன்று எதிரான இடர்களைச் சேர்த்துச் சமன்செய்தல் ஆகியவற்றை நெறிகளாக வகுத்தார்.

அக்குறிப்பு எழுதப்பட்ட காலமே அதன் மதிப்பைக் கூட்டுகிறது. 1937–38 சரிவில் கையிருப்பின் மதிப்பு கடுமையாக விழுந்திருந்தது. நேஷனல் மியூச்சுவல் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் 1921 முதல் தலைவராக இருந்த கெய்ன்சின் முதலீட்டுக் கொள்கையை அதன் இயக்குநர் குழு குறைகூறியது. 1938இல் அவர் பதவி விலகினார். குழுக்கள் பணத்தை ஆளும் இடங்களில் நீண்டகால முதலீட்டாளரே அதிகம் கண்டிக்கப்படுவார் என்று 1936இல் வெளியான தம் 'பொதுக் கோட்பாடு' நூலின் பன்னிரண்டாம் இயலில் அவரே எழுதியிருந்தார். கிங்ஸ் கல்லூரியிலோ அவர் உரிமை குறையவில்லை.

1922 முதல் 1946 வரையிலான கணக்கேடுகளை ஆராய்ந்த டேவிட் சேம்பர்சும் எல்ராய் டிம்சனும், அவர் விருப்பப்படி முதலிட்ட பணம் ஆண்டுக்குச் சராசரியாக 16 சதவீதம் ஈட்டியதாகவும், பிரிட்டிஷ் பங்குச் சந்தை ஏறத்தாழ 10.4 சதவீதமே தந்ததாகவும் காட்டினர். இந்தச் சராசரிக்குள் ஒரு பிளவு மறைந்திருக்கிறது: 1920களின் பிற்பகுதியில் அவர் சந்தையைவிடப் பின்தங்கியிருந்தார், முன்னிலை பெற்றதெல்லாம் முறையை மாற்றிய பிறகே. 1930இல் அவரை மதிப்பிட்டு விலக்கியிருந்தால், கல்லூரியிடம் அதற்குப் போதிய காரணம் இருந்திருக்கும்.