புகையிலை: ஒரு சொல் கூறும் வரலாறு

ஒரு நாட்டு மக்கள் புதியதொரு பொருளை ஏற்றுக்கொள்ளுங்கால் அதற்கு இடும் பெயர், அப்பொருள் முதன்முதல் அவர்க்கு எவ்வாறு அறிமுகமாயிற்று என்பதற்குச் சான்றாக நின்றுவிடுகின்றது. பிற்காலத்தே வழக்கம் மாறினும் பெயர் மாறுவதில்லை. புகையிலை என்னும் சொல் இவ்வுண்மைக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அச்சொல்லையும், அவ்விலையைத் தமிழர் வாங்கி வைத்துப் பயன்கொண்ட முறையையும் ஒருங்கு நோக்கின், நூல்களின் கால ஆராய்ச்சிக்குத் துணையாகும் முடிவொன்றனைப் பெறலாம் என்பது நம் கருத்து. அதனை ஈண்டு ஆராய்வோம்.

புகையிலைச் செடியின் தாயகம் அமெரிக்கக் கண்டமாகும். 1492-இல் கொலம்பசும் அவருடன் சென்றோரும் ஆண்டு அதனைக் காண்பதற்கு முன்னர் ஐரோப்பிய மக்களோ இந்திய மக்களோ அதனை அறிந்திலர். இந்திய நாட்டிற்கு அதனைக் கொணர்ந்தவர் போர்ச்சுகீசியர். அக்பர் அவையைச் சார்ந்த அசத் பேக் என்பார் 1604-ஆம் ஆண்டையொட்டிப் பிஜப்பூரினின்று திரும்பியபோது, புகையிலையையும் அதனைக் குடித்தற்குரிய குழலையும் கொணர்ந்து அரசர் முன் வைத்த செய்தியைத் தாமே எழுதி வைத்துள்ளார். அக்குழலின் தண்டு மூன்று முழ நீளமுடையது; அச்சின் நாட்டினின்று வந்தது; இரு முனையிலும் அணிசெய்யப் பெற்றது. அக்பர் சிறிது புகைத்துப் பார்த்தார், மருத்துவர் தடுத்தனர். ஆயினும் பிரபுக்கள் அதனை விரும்பினர். வணிகர் விற்கத் தலைப்பட்டனர். 1617-இல் ஜஹாங்கீர் அதனைத் தடை செய்தார் என்பதிலிருந்து, சின்னாட்களில் அவ்வழக்கம் எத்துணைப் பரவியது என்பது புலனாகும். முகலாய அரசவைக்குப் புதுமையாயிருந்த இலை தக்கண நகரொன்றில் முன்னரே கிடைத்தமையின், அது தென்புலத் துறைமுகங்களின் வழியே உள்நாடு புகுந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இனிப் பெயரை நோக்குவோம். வடநாட்டு மொழிகளில் வழங்கும் தமாக்கு, தம்பாக்கு என்பன அயன்மொழிப் பெயரின் திரிபுகளே. தென்னாட்டினரோ அயற்பெயரைக் கொள்ளாது தம் சொற்களாலேயே பெயர் அமைத்தனர். தமிழில் புகையிலை, மலையாளத்தில் புகயில, தெலுங்கில் பொகாக்கு, கன்னடத்தில் ஹொகெசொப்பு என வழங்கும் நான்கும் புகை, இலை என்னும் இரு பொருட் சொற்களாலானவை. சிங்களத்துத் தும்கொள என்பதும் அதே அமைப்பினது. இவ்வைந்து மொழியினரும் அதனைப் புகைக்கப்படும் இலையாகவே முதற்கண் அறிந்தனர் என்பது இதனால் தெற்றென விளங்கும்.

புகை குடித்தல் நம் நாட்டிற்குப் புதிதன்றே எனின், அஃது உண்மையே. சரக சங்கிதையில் தூமபானம் என்னும் மருத்துவ முறையும் அதற்குரிய குழலும் கூறப்பட்டுள்ளன. ஆனால், ஆண்டுக் கூறப்படுவது வேறு மூலிகைகளின் புகையாகும். எனவே, பழைய நூலொன்றில் புகை குடித்தல் பற்றிய செய்தி வருவது புகையிலைக்குச் சான்றாகாது. செயல் பழையது, இலை புதியது. இவ்விரண்டனையும் மயங்கக் கொள்ளுதல் கூடாது.

புகைக்கும் இலையாக வந்த இது, தமிழர் இல்லத்துள் நுழைந்தது புகையால் அன்று, வெற்றிலையால் எனலாம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றும் சேர்ந்த தாம்பூல வழக்கம் இந்நாட்டில் தொன்றுதொட்டு வருவது. அவற்றை வைத்தற்கு வெற்றிலைச் செல்லம் வீடுதோறும் இருந்தது. புதிய இலைக்கு அச்செல்லத்தில் ஆயத்தமாக ஓர் அறை கிடைத்தது. பெரியோர் முன் புகைத்தல் மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டமையின், இல்லத்தில் மெல்லுதலே சிறந்தது. இவ்வாறு மெல்லும் இலைக்கும் புகையிலை என்பதே பெயராயிற்று. தாம்பூலத்தொடு சேர்ந்த இவ்விலை வாய்ப்புற்றுக்குக் காரணமாதலை இன்றைய மருத்துவ ஆராய்ச்சி ஐயமற நிறுவியுள்ளது.

மெல்லுதற்குரிய இலையைப் பதப்படுத்துவதும் காப்பதும் தனித் தொழிலாக வளர்ந்தன. மிக உலர்ந்தால் இலை நொறுங்கும்; ஈரம் மிகுந்தால் பூசணம் பூக்கும். ஆதலின் வெயிலில் உலர்த்திய இலைக்குக் கருப்பட்டி நீர் தெளித்து, அடுக்கி மூடி, இடையிடையே புரட்டி வைத்து, பின் சிப்பங்களாகக் கட்டினர். வேதாரணியம், கோயம்புத்தூர், திண்டுக்கல் பகுதிகள் இவ்வகையில் பெயர் பெற்றவை. யாழ்ப்பாணத்தில் தேங்காய் மட்டைப் புகையூட்டிப் பதப்படுத்தினர். அவ்விலை திருவிதாங்கூருக்கு மிகுதியாக ஏற்றுமதியாயிற்று. கடையில் கட்டாகவும் துண்டாகவும் வாங்கியதைச் செல்லத்திலோ இடுப்பிற் செருகிய சுருக்குப்பையிலோ வைத்துக்கொள்ளுதல் மக்கள் வழக்கம். மூக்குப்பொடி வாழை மட்டையிற் பொதியப்பட்டுப் பொடிமட்டை எனப் பெயர் பெற்றது.

புகைக்கும் வழக்கமோ திண்ணையிலும் வயல் வரப்பிலும் வண்டிப் பாதையிலும் நிலைத்தது. குழலைக் குறிக்கும் சுங்கான் என்னும் சொல் தமிழில் உண்டு. எனினும், கருவி வேண்டாது இலையையே சுருட்டிக் குடிக்கும் முறையே நாட்டில் பெருகிற்று. சுருட்டு என்னும் அப்பெயர் கடல் கடந்தும் சென்றது. ஆங்கிலத்துச் செரூட் என்பது இத்தமிழ்ச் சொல்லின் திரிபே. 1887-இல் வெளிவந்த கானன் டாயிலின் முதல் துப்பறியும் புதினத்தில், திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலைக் கொண்டு துப்புத் துலக்கும் செய்தி இடம் பெற்றிருத்தல், அதன் புகழுக்குச் சான்றாகும். அயல்நாட்டினின்று வந்த இலை, தமிழ்ப் பெயர் பூண்டு அயல்நாடு சென்றது வியத்தற்குரியதே.

இலக்கியத்துள் இதற்குக் கிடைத்த இடத்தையும் காண்போம். சீனிச் சர்க்கரைப் புலவர் பழனி முருகன்பால் புகையிலையைத் தூது விடுப்பதாகப் பாடிய புகையிலை விடு தூது என்னும் சிறு நூலை உ. வே. சாமிநாதையர் 1939-இல் வெளியிட்டார். இவ்விலைக்கு ஒரு புராணத் தோற்றமும் அதில் கூறப்படுகின்றது. மூவர்க்கிடையே வழக்கொன்று நேர, ஒவ்வொருவர்க்கும் ஒரு பத்திரம் தரப்பட்டது. சிவபெருமானிடமிருந்த வில்வம் கங்கையோடு போயிற்று. திருமாலிடமிருந்த துளசி பாற்கடலோடு போயிற்று. பிரமன் கலைமகளிடம் தந்த புகையிலையோ போகவில்லை. இலை, ஆவணம் என்னும் இரு பொருளுங் கொண்ட பத்திரம் என்னும் சொல்லிலும், ‘போகையிலை’ என்னும் பேச்சொலியிலும் எழுந்த நகைச்சுவை இது.

புலவர் நகைக்காகவே பாடினார் எனினும், வரலாற்று நோக்கில் இக்கதை ஆழ்ந்த பொருளுடையது. சில தலைமுறைகட்கு முன் மரக்கலமேறி வந்த இலையொன்று, வில்வத்தோடும் துளசியோடும் ஒப்ப வைத்துப் பாடப்பெறும் நிலையை எய்தியது. அதன் புதுமையை மக்கள் முற்றும் மறந்தனர். மக்கள் மறத்தல் இயல்பு. ஆராய்ச்சியாளர் மறத்தல் ஆகாது.

ஆதலின், அகத்தியர் முதலிய பண்டையோர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல் ஒன்றில் புகையிலை என்னும் சொல் அமெரிக்க இலையைச் சுட்டி வருமாயின், அப்பாடல் பதினாறாம் நூற்றாண்டிற்கு முற்பட்டதாதல் இயலாது. மிளகாயைக் குறிக்கும் பாடல்கட்கும் இது பொருந்தும். ஆயினும், ஒரு பாடல் பிற்பட்டது என்பதனால் நூல் முழுவதும் பிற்பட்டது எனத் துணிதல் முறையன்று. ஏடெழுதுவோர் இடையே சேர்த்ததாகவும் இருக்கலாம். அவ்வாறே, சொல் காணப்படாமை மட்டுங் கொண்டு நூல் பழையது எனலும் பொருந்தாது. இவ்விரு வரம்பையும் காத்து, புதுப் பயிர்ப் பெயர்களைத் தொகுத்து ஆராய்தல் வேண்டும். தாம்பூலத் தட்டில் கிடக்கும் ஓரிலையும் கல்வெட்டுப் போல் காலம் கூறும், கேட்பார் உளராயின்.