தைவானின் லூ ரோ: பன்றியும் சோயாவும்

தைவானில் அன்றாடம் உண்ணப்படும் சோறு லூ ரோ ஃபான்; லூ ரோ என்பது அதன் மேல் ஊற்றும் கறிக்குழம்பு. தோலும் கொழுப்பும் நீக்காத பன்றி வயிற்றுக்கறியைப் பொடியாக நறுக்கி, சோயா சாஸ், அரிசி மது, கற்கண்டு, பொரித்த சின்ன வெங்காயம், ஐந்து மசாலாப் பொடி ஆகியவற்றோடு சிறுதீயில் நெடுநேரம் வேகவிட்டு, சுடுசோற்றின் மேல் ஊற்றிக் கொடுப்பார்கள். அவித்த முட்டையும் அழுத்திக் கெட்டியாக்கிய டோஃபுவும் அதே சட்டியில் கிடந்து ஊறும். பெயரில் கறி இருந்தாலும் சுவையைத் தீர்மானிப்பது சோயாதான். நிறமும் உப்பும் அதிலிருந்தே வருகின்றன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பன்றிக்குத் தீவனமாகிக் கறியை ஏழைக்கும் எட்ட வைத்ததும் அதே சோயாதான்.

தைவானுக்குச் சீனக் குடியேறிகள் பெருமளவில் வரத் தொடங்கியது பதினேழாம் நூற்றாண்டில். 1624 முதல் 1662 வரை தைனான் பகுதியை ஆண்ட டச்சுக்காரர்கள், கரும்பும் நெல்லும் பயிரிட எதிர்க்கரையான ஃபூஜியனிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். சீனத் தளபதி கொக்சிங்கா டச்சுக்காரர்களை விரட்டியபின் சிறிது காலம் அவருடைய குடும்பம் ஆண்டது. 1684இல் தீவு சீனாவின் சிங் பேரரசோடு சேர்க்கப்பட்டது. ஃபூஜியனின் சுவான்சோ, சாங்சோ ஊர்க்காரர்களும் குவாங்டோங்கின் ஹக்கா மக்களும் அலை அலையாக வந்து குடியேறினார்கள். பன்றி வளர்ப்பும், ஜாடியில் சோயாப் பயறை நொதிக்க வைக்கும் வழக்கமும் அவர்களோடு வந்தன.

உழவர் வீட்டுப் பன்றி அந்த வீட்டின் சேமிப்பு. சர்க்கரைவள்ளிக் கொடியும் சமையலறைக் கழிவும் தின்று வளர்ந்த அது, பணமுடை வந்தால் விற்கப்படும். கோயில் விழாவுக்கோ புத்தாண்டுக்கோ அறுக்கப்படும். நல்ல துண்டுகள் படையலுக்கும் சந்தைக்கும் போய்விட, வீட்டுக்கு மிஞ்சுவது தோலும் கொழுப்பும் துணுக்குகளுமே. அவற்றைப் பொடியாக நறுக்கி உப்பு தூக்கலாக வேகவைத்தால், கையளவு கறி குடும்பம் முழுவதன் சோற்றுக்கும் போதும். இந்தச் சிக்கனத்திலிருந்தே லூ ரோ பிறந்தது என்பது பரவலான கருத்து. சமைக்கும் முறையே அதற்குச் சாட்சி சொல்கிறது. தெற்கே தைனானில் இதன் நெருங்கிய உறவு நூடுல்ஸின் மேல் ஏறியது. புயல் மாதங்களில் கடலுக்குப் போக முடியாத மீனவர் ஒருவர், காவடித் தண்டில் அடுப்பையும் பாத்திரத்தையும் தொங்கவிட்டுச் சென்று, கறித் துணுக்குக் குழம்பு ஊற்றிய நூடுல்ஸை விற்றார். அவர் வழியில் வந்த ‘தூ சியாவ் யூவே’ கடை தன் தொடக்க ஆண்டாக 1895ஐச் சொல்கிறது.

இந்தக் குழம்பின் பழைய சுவையைத் தேடினால் யுன்லின் மாவட்டத்துச் சிலுவோ ஊருக்குத்தான் போக வேண்டும். சுவோஷுய் ஆற்றங்கரையில் உள்ள இந்த ஊர் கறுப்புச் சோயாவில் செய்யும் சாஸுக்குப் பெயர் பெற்றது. 1909இல் தொடங்கிய வான் சுவாங், 1921இல் தொடங்கிய ருய் சுன் போன்ற குடும்பத் தொழிற்கூடங்கள் இன்றும் அங்கே இயங்குகின்றன. கறுப்புச் சோயாவை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, ஆறியதும் பூஞ்சை வித்து தூவி, மூங்கில் தட்டுகளில் பரப்பி ஏறக்குறைய ஒரு வாரம் விடுவார்கள். பயறின் மேல் பச்சை மஞ்சளாகப் பூஞ்சை போர்த்தியதும் அதைக் கழுவி எடுப்பார்கள். கழுவாமல் விட்டால் சாஸ் கசக்கும். பிறகு உப்பு கலந்து பெரிய மண் ஜாடிகளில் அடைத்து, மேலே கனமான உப்புப் படலம் பரப்பி, மூடி போட்டு வெயிலில் வைப்பார்கள். நான்கு முதல் ஆறு மாதம் கழித்து ஜாடியிலிருந்து இறங்கும் கரிய நீர்தான் சாஸ். உப்புநீர் ஊற்றாமல் வெறும் உப்பில் ஊறிய ஜாடியில் சாஸ் குறைவாகவே கிடைக்கும். ஆனால் கெட்டியாகவும் இனிப்பின் சாயலோடும் இருக்கும். கொழுத்த கறியோடு இதற்கு இணையாக நிற்கக்கூடிய சாஸ் வேறில்லை.

1895இல் ஷிமொனோசெகி உடன்படிக்கைப்படி தைவான் ஜப்பானின் கைக்குப் போனது. மஞ்சள் சோயாவோடு கோதுமை சேர்த்து நொதிக்க வைக்கும் ஜப்பானிய முறை அதன்பின் பரவியது. கோதுமை தந்த மணம் நகரத்து நாக்குக்குப் பிடித்துப்போக, கறுப்புச் சோயா மெல்ல நாட்டுப்புறச் சரக்கானது. சட்டியில் சேரும் மற்ற பொருள்களையும் அரசு தொட்டது. 1922இல் மது அரசின் தனியுரிமை ஆனதால், வீட்டில் வடித்த அரிசி மதுவுக்குப் பதில் கடை பாட்டிலை வாங்க வேண்டியதாயிற்று. 1926இல் ‘ஹோராய்’ என்று பெயர் சூட்டப்பட்ட குட்டையான, ஒட்டும் தன்மையுள்ள அரிசியே இன்று லூ ரோவுக்கு அடியில் இருக்கிறது. ஆனால் அந்நாளில் அதில் பெரும்பங்கு கப்பலேறி ஜப்பானுக்குப் போனது. விளைவித்த உழவர்களில் பலர் சர்க்கரைவள்ளிச் சீவல் கலந்த சோற்றைத்தான் உண்டார்கள். அந்தத் தலைமுறைக்கு வெள்ளைச் சோற்றின் மேல் கறிக்குழம்பு என்பது விழாநாள் விருந்து.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1949இல், சீன உள்நாட்டுப் போரில் தோற்ற தேசியவாத அரசும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்களும் சீனப் பெருநிலத்திலிருந்து வந்து சேர்ந்தார்கள். சிச்சுவான் பாணியில் மிளகாயும் மொச்சையும் சேர்ந்த காரவிழுது கௌசியுங் பக்கத்து கங்ஷானில் தயாராகி, அவர்களுடைய வீடுகளின் கறிச்சட்டிக்குள் புகுந்தது. ஆழமான மாற்றம் 1951 முதல் 1965 வரை வந்த அமெரிக்க உதவியால் நேர்ந்தது. கோதுமையோடு சோயாவும் வந்து குவிந்தது. எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் சோயாப் பிண்ணாக்கு இரண்டு வழியாக லூ ரோ சட்டியை அடைந்தது. ஒரு பங்கு பன்றிப் பண்ணைக்குப் போனது. சர்க்கரைவள்ளிக் கொடியில் மெதுவாக வளர்ந்த கறுப்புப் பன்றியை, தீவனத்தில் வேகமாகக் கொழுக்கும் வெள்ளைப் பன்றி ஓரங்கட்டியது. மறு பங்கு அமிலத்தில் சிதைக்கப்பட்டு, மாதக்கணக்கில் ஆக வேண்டிய சாஸ் சில நாட்களிலேயே தயாரானது. கறி மலிந்தது பெரும் நன்மை. சாஸ் மலிந்ததை அப்படிச் சொல்ல முடியாது: அமில முறை உப்பைத் தரும், நொதித்தலின் மணத்தைத் தராது.

1960ஆம் ஆண்டு இரு வகையில் குறிப்பிடத்தக்கது. தைப்பேயின் நிங்சியா இரவுச் சந்தையில் அந்த ஆண்டு தொடங்கிய ஒரு லூ ரோ தள்ளுவண்டி பின்னாளில் ‘ஃபார்மோசா சாங்’ என்ற கிளைக்கடைத் தொடராக வளர்ந்தது. அதே ஆண்டில் தாதுங் நிறுவனத்தின் மின்சாரச் சோற்றுப் பானை சந்தைக்கு வந்தது. இந்தப் பானைக்கு உள்பாத்திரம், வெளிப்பாத்திரம் என இரண்டு பகுதிகள். வெளியே ஊற்றிய தண்ணீர் வற்றியதும் பொத்தான் தானே மேலெழும்பி அணைந்துவிடும். வீட்டு லூ ரோவை இதுதான் எளிதாக்கியது. கறியைக் கத்தியால் பென்சில் தடிமனுக்கு நறுக்க வேண்டும். இயந்திரத்தில் அரைத்தால் தோலின் பசை சரியாக இறங்காது. வாணலியில் நீர் வற்றிக் கொழுப்பு கசியும்வரை வதக்கி, கற்கண்டு சேர்த்து நிறம் ஏறியதும் சாஸையும் மதுவையும் ஊற்றி, பொரித்த வெங்காயத்தோடு உள்பாத்திரத்துக்கு மாற்றுவார்கள். வெளியே ஒரு குவளைத் தண்ணீர், பொத்தான் எழுந்ததும் இன்னொரு குவளை. உதட்டில் ஒட்டும் பதம் வந்தால் கறி தயார். டோஃபுவைக் கடைசியில்தான் போடுவார்கள்; முன்பே போட்டால் உப்பை உறிஞ்சி இறுகிவிடும்.

1997இல் பரவிய கோமாரி நோய், தைவானின் பன்றி வளர்ப்புத் தொழிலை அடியோடு உலுக்கியது. முப்பத்தெட்டு லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. ஜப்பானுக்கான ஏற்றுமதி நின்றது. நோயற்ற நாடு என்ற சர்வதேச ஏற்பு 2020இல்தான் மீண்டும் கிடைத்தது. நடுவே, 2002இல் உலக வர்த்தக அமைப்பில் தைவான் சேர்ந்தபோது வரி ஏறி, சமையல் அரிசி மதுவின் விலை பல மடங்கானது. மக்கள் முன்கூட்டியே பாட்டில்களை வாங்கிப் பதுக்கினார்கள், போலிச் சரக்கும் புழங்கியது. 2010இல் வரி குறைந்தபின்தான் அது பழையபடி அடுக்களைக்குத் திரும்பியது.

2011இல் வெளிவந்த மிஷெலின் பயண வழிகாட்டி ஒன்று, லூ ரோவை ஷான்டோங் பாணி உணவு என்று குறிப்பிட்டது. ‘லூ’ என்பதற்குக் கடைப் பலகைகளில் வழக்கமாக எழுதப்படும் எழுத்து ஷான்டோங்கின் சுருக்கப் பெயராகவும் இருப்பதால் வந்த குழப்பம் அது. தைப்பே நகராட்சி அதைத் திருத்தக் கோரி, ஆயிரம் கிண்ணம் லூ ரோவை இலவசமாக வழங்கியது. ஒரு குழம்புக்காக ஒரு மாநகரம் களமிறங்கியது மிகையல்ல. அது அங்கே ஊரின் அடையாளமாகிவிட்ட உணவு.

சோயா சாஸ் எந்த முறையில் தயாரானது என்பதைப் பாட்டிலின் மேல் அச்சிட வேண்டும் என்ற விதி 2019இல் நடைமுறைக்கு வந்தது. நொதித்ததா, அமிலத்தில் சிதைத்ததா, இரண்டும் கலந்ததா என்று பார்த்து வாங்க வழி பிறந்தது. சிலுவோவின் கறுப்புச் சோயா சாஸ் விலை கூடுதல்தான் என்றாலும், வீட்டில் லூ ரோ வைப்பவர்கள் பலர் அதையே தேடி வாங்குகிறார்கள்.