கருவூலக் கதவைத் தட்டிய மருத்துவர்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவரின் வேலை என்ன என்று கேட்டால், நோயைக் கண்டறிவது, மருந்து எழுதுவது, தேவைப்பட்டால் அறுவை செய்வது என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். அரசாங்கத்திடம் பணம் கேட்பதும் மருத்துவரின் வேலைதானா? இதுதான் இன்று நம் முன் வைக்கப்பட்டுள்ள கேள்வி.

திருவள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தில், நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கொடுப்பவர் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்துக் காட்டுகிறார். இந்த நான்கும் ஓர் இடத்தில் வந்து சேர வேண்டுமானால் அதற்குச் செலவு ஆகும். அந்தச் செலவை யார் ஏற்பது என்ற வினாவில்தான் பல்லாயிரம் உயிர்களின் கதை அடங்கியிருக்கிறது. அதற்குச் சான்று தேடி நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. கிள்ளானுக்குப் போனாலே போதும்.

காய்ச்சலில் தத்தளித்த ஊர்

1901-ஆம் ஆண்டு ஜனவரியில் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். இருபத்தேழு வயது இளைஞர். அன்றைய கிள்ளான் நகரம் மூவாயிரத்துச் சொச்சம் மக்களைக் கொண்ட சிற்றூர். சுற்றிலும் சதுப்பு நிலம், காடு. அதே ஆண்டு செப்டம்பரில், இன்று போர்ட் கிள்ளான் என்று நாம் அழைக்கும் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே துறைமுக ஊழியர்களும் கூலிகளும் மலேரியாக் காய்ச்சலில் வரிசையாகப் படுத்தார்கள். பெரும் செலவில் கட்டிய துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழும் அளவுக்கு நிலைமை முற்றியது.

மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்பதை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897-இல். அதாவது, நான்கே ஆண்டுகளுக்கு முன்னால். அந்தப் புதிய அறிவு வாட்சன் கையில் இருந்தது. அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எல்லாருக்கும் கொய்னா மாத்திரை கொடுப்பது. மற்றொன்று, சதுப்பு நிலத்தை வடித்து, காட்டை வெட்டி, கொசு முட்டையிட இடமில்லாமல் செய்வது. மாத்திரை மலிவானது, ஆனால், அதை ஒவ்வொருவரும் நாள் தவறாமல் விழுங்க வேண்டும். வடிகாலுக்குச் செலவு அதிகம். ஆனால், ஒருமுறை வெட்டிவிட்டால் பணக்காரனுக்கும் கூலிக்கும் அது ஒன்றுபோலப் பயன் தரும். வாட்சன் வடிகாலைத் தேர்ந்தெடுத்தார். சிலாங்கூர் தலைமை மருத்துவர் டிராவர்ஸ் அவருக்குத் துணை நின்றார். அரசாங்கம் இரண்டு ஊர்களுக்கும் சேர்த்து சுமார் 10,000 பவுன் செலவிட்டது. அந்தக் காலத்தில் அது சிறிய தொகை அல்ல.

பலன் என்ன? 1901-இல் கிள்ளானிலும் துறைமுகத்திலும் இறந்தவர்கள் 582 பேர். மறு ஆண்டே அது 144 ஆகக் குறைந்தது. 1905-இல் 113. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட மலேரியா நோயாளிகளைப் பார்த்தால், கிள்ளான் நகரிலிருந்து வந்தவர்கள் 1901-இல் 334 பேர். 1905-இல் 12 பேர் மட்டுமே. துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் 188-லிருந்து 11 ஆகக் குறைந்தார்கள்.

யாருடைய கணக்கு?

நேயர்களே, வாட்சன் கெட்டிக்காரர். செத்தவர் கணக்கை மட்டும் அவர் காட்டவில்லை. அரசாங்க ஊழியர்கள் காய்ச்சலால் எடுத்த விடுப்பையும் கணக்கிட்டுக் காட்டினார். 1901-இல் 236 மருத்துவச் சான்றிதழ்கள், 1,026 நாட்கள் விடுப்பு. 1905-இல் நான்கே சான்றிதழ்கள், முப்பதே நாட்கள். வேலைக்கு வராத நாளுக்கும் சம்பளம் கொடுத்த அரசாங்கத்துக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரிந்தது. கருவூலத்தைத் திறக்க வேண்டுமானால் கருவூலத்துக்குப் புரியும் மொழியில் பேச வேண்டும் என்பதை அந்த இளம் மருத்துவர் அறிந்திருந்தார்.

ஆனால், அதே புள்ளி விவரத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. அதை நாம் படிக்காமல் விட்டுவிடக் கூடாது. இரு ஊர்களையும் தவிர்த்து, மாவட்டத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து மருத்துவமனைக்கு வந்த மலேரியா நோயாளிகள் 1901-இல் 197 பேர். 1905-இல் 353 பேர். அதாவது, ஊருக்குள் காய்ச்சல் அடங்கிய அதே ஆண்டுகளில், ஊருக்கு வெளியே அது ஏறிக்கொண்டே போயிருக்கிறது!

ஊருக்கு வெளியே இருந்தவர்கள் யார்? அந்த ஆண்டுகளில்தான் கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன. கப்பலில் வந்திறங்கிய நம் முன்னோர்கள் காட்டு ஓரத்து லயங்களில் குடியமர்த்தப்பட்டனர். ஆட்கள் பெருகியதால் நோயாளிகளும் பெருகினர் என்பது ஓரளவு உண்மைதான். ஆனால், ஊருக்கு வெட்டிய வடிகால் ஊர் எல்லையோடு நின்றுவிட்டது என்பதும் உண்மை. தோட்டம் தனியார் நிலம். அங்கே செலவு செய்ய வேண்டியது முதலாளி என்பதே அன்றைய நியாயம். கிராணியின் சம்பளத்தோடு ஒட்டிய விடுப்பு நாள் அரசாங்கக் கணக்கில் வந்தது. பால்மரத் தொழிலாளி காய்ச்சலில் கிடந்த நாள் எந்த அரசாங்கக் கணக்கிலும் வரவில்லை.

மலைத் தோட்டங்களின் துயரம்

வாட்சன் பின்னர் அரசாங்கப் பணியை விட்டு, தோட்டங்களின் மருத்துவராகப் பணியாற்றினார். அங்கே அவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டினால் மலேரியா குறைந்தது. மேட்டு நிலத் தோட்டங்களில் காட்டை வெட்டினால் அது கூடியது! காரணம், கொசுவின் இனம் வேறு. சமவெளிச் சதுப்பில் இருந்த கொசு நிழலை நாடுவது. மேட்டு நிலத்துக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. காடு போனதும் ஓடையில் வெயில் விழுந்தது, கொசு பெருகியது. ஓர் ஊருக்குப் பொருந்திய மருந்து மற்றோர் ஊருக்குப் பொருந்தாது என்ற இந்தக் கண்டுபிடிப்பு உலக மருத்துவ வரலாற்றில் இடம் பெற்றது. மலாயாவின் மலேரியாத் தடுப்பைப் பற்றி 1911-இல் அவர் வெளியிட்ட நூல் பல நாடுகளுக்கு வழிகாட்டியது.

ஆனால், அந்த அறிவுக்கு நம் மக்கள் கொடுத்த விலை பெரிது. மேட்டு நிலத் தோட்டங்கள் சிலவற்றில் ஓராண்டு மரண விகிதம் ஆயிரத்துக்கு நூறைத் தாண்டியது. பத்தில் ஒருவர் என்றால், ஒரு லயத்தில் இரண்டு மூன்று குடும்பங்களுக்கு ஒரு சாவு. ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் பதித்து மூடலாம், அல்லது நீர்மேல் எண்ணெய் தெளிக்கலாம் என்று வழியும் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டுக்கும் பணம் வேண்டும். ரப்பர் விலை ஏறியபோது பணம் வந்தது. விலை சரிந்தபோது நிர்வாகம் கையைச் சுருக்கிக்கொண்டது. தொழிலாளியின் ஆயுள் லண்டன் சந்தையின் ரப்பர் விலையோடு கட்டப்பட்டிருந்தது என்றால் அது மிகையாகாது.

1911, 1912-ஆம் ஆண்டுகளில் வந்த சட்டங்கள் தொழிலாளரின் சுகாதாரத்தையும் மருத்துவமனை வசதியையும் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கின. அது ஒரு முன்னேற்றம்தான். ஆனால், அதே சட்டங்கள் அந்தப் பொறுப்பு முதலாளியுடையது என்பதையும் உறுதிப்படுத்திவிட்டன. அதன் விளைவைச் சுதந்திரத்துக்குப் பிறகும் நாம் அனுபவித்தோம்.

சுதந்திர நாட்டின் சாதனையும் ஓட்டையும்

1950-களில் தொடங்கிய கிராமப்புறச் சுகாதாரத் திட்டம் இந்த நாட்டின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்று. ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு முதன்மைச் சுகாதார நிலையம், பத்தாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம், இரண்டாயிரம் பேருக்கு ஒரு மருத்துவச்சி என்று திட்டமிட்டுப் பொதுப்பணத்தைச் செலவிட்டார்கள். 1957-இல் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 75 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழே வந்துவிட்டது. செல்வந்த நாடுகள் பல தலைமுறைகளில் செய்ததை நாம் நாற்பது ஆண்டுகளில் செய்தோம்.

கிராமத்துக்குப் போன அந்தச் சாலை தோட்டத்து வாசலில் நின்றது. மீண்டும் அதே நியாயம்: தோட்டம் தனியார் நிலம். கம்பத்தில் அரசாங்க மருத்துவச்சி வீடு தேடி வந்த காலத்தில், தோட்டத்தில் பலருக்கு மருத்துவமென்றால் டிரஸ்ஸர் மட்டும்தான். அவர்களில் அர்ப்பணிப்போடு உழைத்தவர்கள் பலர். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஒரு நாட்டின் குடிமக்களில் ஒரு பிரிவினரின் மருத்துவம் மட்டும் நிர்வாகத்தின் தயவில் விடப்பட்டது சரியா என்பதே கேள்வி.

மீண்டும் எழுந்த குரல்கள்

மருத்துவர்கள் பொதுப்பணத்துக்காகக் குரல் கொடுப்பது வாட்சனோடு முடிந்துவிடவில்லை. 1990-களில் அரசாங்க மருத்துவமனைகளின் துணைச் சேவைகள் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டபோதும், மருத்துவமனைகளையே நிறுவனங்களாக மாற்றலாம் என்ற பேச்சு எழுந்தபோதும், மருத்துவர்களும் பொது இயக்கங்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். ஈப்போ அரசாங்க மருத்துவமனையில் பணியாற்றியவரும், 2008 முதல் 2018 வரை சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவருமான டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் அத்தகைய குரல்களில் ஒருவர். அவருடைய அரசியலை ஏற்பவரும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. ஆனால், ஏழை நோயாளிக்கு அரசாங்க மருத்துவமனையை விட்டால் போக்கிடம் இல்லை என்ற அவரது வாதத்தை மறுப்பது எளிதல்ல.

2008 டிசம்பரில் தேசிய இருதயக் கழகத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்க சைம் டார்பி நிறுவனம் முன்வந்தது. அங்கிருந்த நிபுணத்துவ மருத்துவர்களே அதை எதிர்த்தார்கள். தனியார் கைக்குப் போனால் வசதியற்ற இருதய நோயாளிகளின் கதி என்ன என்ற கேள்வி நாடெங்கும் ஒலித்தது. முடிவில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

பிறகு 2021. கோவிட் தொற்று உச்சத்தில் இருந்த ஜூலை 26-ஆம் நாள், ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையில் மருத்துவமனை வளாகங்களில் சிறிது நேரம் வெளிநடப்புச் செய்தனர். 2016 இறுதியில் ஒப்பந்த முறை தொடங்கியதிலிருந்து சேர்க்கப்பட்ட 23,000-க்கும் மேற்பட்ட மருத்துவர்களில், அதுவரை நிரந்தரப் பணி பெற்றவர்கள் 789 பேர் மட்டுமே.

"இது அவர்களுடைய சம்பளப் பிரச்சினைதானே, நமக்கென்ன?" என்று கேட்டவர்கள் உண்டு. யோசித்துப் பாருங்கள். நிச்சயமில்லாத வேலையில் இருக்கும் இளம் மருத்துவர் வெளிநாட்டுக்கோ தனியார் மருத்துவமனைக்கோ போய்விட்டால், அரசாங்க மருத்துவமனை வரிசையில் காலை ஆறு மணிக்கே எண் எடுத்துக் காத்திருப்பது யார்? சிறப்பு மருத்துவரைப் பார்க்க மாதக்கணக்கில் தேதி தள்ளிப் போவது யாருக்கு? அவர்களுடைய பணியிடமும் நம்முடைய சிகிச்சையும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். அந்தப் போராட்டத்துக்குப் பின் ஆயிரக்கணக்கான நிரந்தரப் பணியிடங்கள் அறிவிக்கப்பட்டன. கேட்டதால்தான் கிடைத்தது.

நாம் செய்ய வேண்டியது

அரசாங்கப் பொது மருத்துவமனையில் வெளிநோயாளிக்கு ஒரு வெள்ளி, சிறப்பு மருத்துவருக்கு ஐந்து வெள்ளி என்ற கட்டணம் பல பத்தாண்டுகளாக நமக்குப் பழகிப்போன ஒன்று. அந்த ஒரு வெள்ளிக்குப் பின்னால் எவ்வளவு பொதுப்பணம் நிற்கிறது என்பதை நாம் நினைப்பதில்லை. சுகாதாரத்துக்கான அரசாங்கச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்து விழுக்காட்டை எட்ட வேண்டும் என மலேசிய மருத்துவச் சங்கம் நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறது. 2023 ஜூனில் நாடாளுமன்றம் சுகாதார வெள்ளை அறிக்கையை ஏற்றுக்கொண்டது. பதினைந்து ஆண்டுகளுக்கான சீரமைப்பை அது பேசுகிறது. அறிக்கை ஏற்கப்பட்டால் மட்டும் போதாது. அதற்குப் பணம் ஒதுக்கப்பட வேண்டும்.

கிள்ளான் வரலாறு நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. மருத்துவர் கணக்கோடு பேசினால் கருவூலம் திறக்கும் என்பது முதல் பாடம். அந்தக் கணக்கில் யாருடைய பெயர் இல்லையோ அவர் வெளியே நின்று சாவார் என்பது இரண்டாவது பாடம். முதல் பாடத்தை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இரண்டாவது பாடம் நமக்குரியது.

இன்று தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளில் வாழ்கின்றன. நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் மலேரியாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை போகும் முதியவருக்கு வாகன வசதி உண்டா, அருகில் கிளினிக் உண்டா என்று யார் கணக்கெடுக்கிறார்கள்? நம் ஆலயங்களும் இயக்கங்களும் சங்கங்களும் தத்தம் வட்டாரத்தில் இந்தக் கணக்கை எடுக்கலாம். எடுத்து, எழுத்தில் வைத்து, மாவட்ட சுகாதார அலுவலகத்திலும் மக்கள் பிரதிநிதியிடமும் கொடுக்கலாம். ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும்போது சுகாதாரத்துக்கான தொகை எவ்வளவு என்று பத்திரிகையில் தேடிப் படிக்கலாம்.

மருத்துவர்கள் நமக்காகக் கதவைத் தட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் பேரேட்டில் நம் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.