பித்தத்தில் பிறந்த பெயர்

"அவருக்குக் கொலஸ்ரோல் இருக்குதாம்" என்று யாழ்ப்பாணத்தில் சொன்னால், சலரோகம், பிறசர் வரிசையில் இன்னொரு வருத்தம் என்றே எல்லாரும் விளங்கிக்கொள்வர். உண்மையில் அது வருத்தத்தின் பெயரன்று. நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவின் மென்சவ்விலும் இருந்தே தீரவேண்டிய ஒரு பொருளின் பெயர். தமிழகம் அதைக் கொலஸ்ட்ரால் என்று எழுதுகிறது. நாங்கள் கொலஸ்ரோல் என்கிறோம்.

பெயர் பிறந்த இடம் இரத்தமல்ல, பித்தப்பை. 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் பித்தக்கற்களை ஆராய்ந்தபோதுதான் இந்த வெண்மையான, மெழுகு போன்ற பொருள் முதலில் தெரியவந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதியியலாளர் செவ்ரல் இதற்குக் கொலெஸ்தரீன் என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'கொலே' என்றால் பித்தம், 'ஸ்தெரெயோஸ்' என்றால் திண்மம். 1859இல் பெர்தலோ என்ற வேதியியலாளர் இது அற்ககோல் குடும்பத்தைச் சேர்ந்தது எனக் காட்டினார். அதனால் பின்னர் பெயரின் வால் 'ஓல்' ஆனது. 1913இல் ரஷ்ய ஆய்வாளர் அனிச்கோவ் முயல்களுக்கு இதை ஊட்டி, அவற்றின் நாடிகளில் படிவு உண்டாவதைக் காட்டினார். பித்தத்தின் சொல் இதயத்தின் சொல்லானது அதன் பிறகுதான்.

மேலைநாட்டு மருத்துவத்துக்குத் தமிழ்ச் சொல் தேடும் வேலை எங்கள் மண்ணில் முன்பே தொடங்கிவிட்டது. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். தமிழில் சொல் உண்டா என்று முதலில் பார்ப்பார்; இல்லையேல் வடமொழி; அதுவும் பொருந்தாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படியே எடுத்துக்கொள்வார். 1875இல் வந்த அவருடைய இரசாயன நூலின் பெயரே 'கெமிஸ்தம்'.

கொலஸ்ரோலுக்கு மட்டும் நாம் அந்தப் பொறுமையைக் காட்டவில்லை. கையருகே கிடந்த 'கொழுப்பு' என்ற சொல்லை எடுத்து ஒட்டிவிட்டோம். இது பிழையான ஒட்டு என்பது என் துணிபு. கொழுத்தல் என்றால் பருத்தல். ஆகவே ஒல்லியான ஆள் தனக்கு அது வராது என்று நம்புகிறார். ஆனால் உடம்பிலுள்ள கொலஸ்ரோலின் பெரும்பகுதியை ஈரல் உட்பட உடம்பே செய்கிறது. பரம்பரையாக அது மிகும் குடும்பங்களில் மெலிந்தவருக்கும் இளவயதிலேயே மாரடைப்பு வரலாம்.

சாப்பாட்டிலும் இதே மயக்கம். தேங்காயெண்ணெயில் கொலஸ்ரோல் இல்லை என்பது மெய்தான். எந்தத் தாவர எண்ணெயிலும் அது இல்லை. ஆனால் தேங்காயெண்ணெயின் நிரம்பிய கொழுப்பு இரத்தத்தில் எல்.டி.எல்.லை, அதாவது நாடிச்சுவரில் படியும் கொலஸ்ரோலை, ஏற்றும். றாலிலும் கணவாயிலும் கொலஸ்ரோல் மிகுதி, நிரம்பிய கொழுப்போ குறைவு. அந்தக் கணவாயைத் தேங்காயின் முதற்பாலில் காய்ச்சிவிட்டுக் கணவாயை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை.

கொலஸ்ரோல் கூடியதை எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலும் உடம்பு ஒன்றும் சொல்லாது. தலைச்சுற்று, பிடரி வலி என்று அதன் தலையில் நாம் கட்டுபவை அதன் அடையாளங்கள் அல்ல. சிலருக்குக் கண்ணிமையில், மூக்கோரமாக, மஞ்சள் தடிப்பு வரும். மிக அதிகமானால் குதிக்கால் தசைநாண் தடிக்கலாம். எவருக்கும் உறுதியாக அறிய இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி. அந்தத் தாளில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்க வேண்டாம். நாடிச்சுவரில் படிய விடுவது எல்.டி.எல்.; மிச்சத்தை ஈரலுக்குத் திருப்பி எடுத்துவருவது எச்.டி.எல். ஈரல் அதில் ஒரு பங்கைப் பித்தமாக மாற்றிக் கழிக்கிறது. செவ்ரல் சூட்டிய பெயர் பொருத்தமானதே. பயறு, கடலையில் உள்ள நார் அந்தப் பித்தத்தைப் பிடித்து வெளியேற்ற, ஈரல் புதுப் பித்தம் செய்ய இரத்தத்திலிருந்து கொலஸ்ரோலை இழுக்கும்.

சலரோகமோ பிறசரோ உள்ளவருக்கு எந்த அளவு கூடுதல் என்பதை வைத்தியரே சொல்லவேண்டும். தகப்பனுக்கோ சகோதரத்துக்கோ இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால், நீங்கள் எவ்வளவு மெலிந்தவராயினும் ஒருமுறை இரத்தம் கொடுத்துப் பாருங்கள்.