தானியங்கி இன்சுலின் செலுத்து முறைமைகளின் பாதுகாப்பு

தானியங்கி இன்சுலின் செலுத்து முறைமை என்பது நீரிழிவு நோயாளியின் உடலில் உள்ள குளுக்கோசு அளவைத் தொடர்ந்து அளந்து, அதற்கேற்ப இன்சுலினைத் தானே கூட்டியும் குறைத்தும் செலுத்தும் மருத்துவக் கருவித் தொகுதி ஆகும். இது செயற்கைக் கணையம் என்றும் அழைக்கப்படுகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்க இயலாத முதல் வகை நீரிழிவு நோயாளிகளே இதனைப் பெரும்பாலும் பயன்படுத்துகின்றனர். ஒருமுறை செலுத்திய இன்சுலினை உடலிலிருந்து திரும்பப் பெற வழியில்லை. ஆகவே எப்போது நிறுத்துவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது, பழுது நேர்ந்தால் எந்த நிலைக்குத் திரும்புவது என்னும் மூன்று கேள்விகளே இதன் பாதுகாப்பு அம்சங்களுக்கு அடிப்படையாக உள்ளன. கோடை வெப்பமும் வெள்ளமும் மின்தடையும் நேரும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளில், கருவிக்கு வெளியே செய்ய வேண்டிய ஏற்பாடுகளும் இதே அளவு இன்றியமையாதவை.

அமைப்பு

இம்முறைமை மூன்று உறுப்புகளைக் கொண்டது.

* உணரி: தோலுக்கடியில் உள்ள திரவத்தின் குளுக்கோசு அளவைப் பொதுவாக 5 நிமிடங்களுக்கு ஒருமுறை, அதாவது நாளொன்றுக்கு 288 முறை அனுப்புகிறது.
* இன்சுலின் பம்பு: விரைந்து செயற்படும் இன்சுலினை மெல்லிய குழல் வழியாகத் தோலுக்கடியில் சிறிது சிறிதாகச் செலுத்துகிறது.
* கட்டுப்பாட்டு மென்பொருள்: உணரியின் அளவீடுகளைக் கொண்டு அடுத்துச் செலுத்த வேண்டிய அளவைக் கணிக்கிறது. இது பம்பினுள்ளோ கைப்பேசியிலோ இயங்கும்.

இன்று விற்பனையில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை 'கலப்பு' வகையைச் சேர்ந்தவை. அடிப்படை இன்சுலினைக் கருவி கவனித்துக்கொள்ளும். உணவில் உள்ள மாவுச்சத்தின் அளவைப் பயனரே உள்ளிட வேண்டும்.

இருபுற இடர்

இன்சுலின் மிகுந்தால் இரத்தச் சர்க்கரை குறைகிறது. டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ்ச் செல்வது எச்சரிக்கை நிலை. 54-க்குக் கீழ்ச் செல்வது கடுமையான நிலை. உறக்கத்தில் இது நேர்ந்தால் வலிப்பு, நினைவிழப்பு, அரிதாக இறப்பும் ஏற்படலாம்.

இன்சுலின் நின்றுபோனாலும் ஆபத்தே. பம்பில் விரைந்து செயற்படும் இன்சுலின் மட்டுமே இருப்பதால், குழல் அடைபட்டாலோ கழன்றாலோ சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் கீட்டோன்கள் பெருகத் தொடங்கும். கவனிக்காவிடில் இது கீட்டோ அமிலத்தேக்கம் என்னும் உயிருக்கு ஆபத்தான நிலையாக மாறும். பல இயந்திரங்களில் ஐயம் எழுந்தால் நிறுத்திவிடுவது பாதுகாப்பானது. இன்சுலின் பம்பில் நிறுத்தத்திற்கும் கால வரம்பு தேவைப்படுகிறது.

கருவியில் அமைந்த பாதுகாப்புகள்

* தாழ்நிலை நிறுத்தம்: 2009 இல் ஐரோப்பாவில் அறிமுகமான மெட்ரானிக் நிறுவனத்தின் பாரடைம் வியோ பம்பு, குளுக்கோசு குறித்த எல்லைக்குக் கீழே சென்றும் பயனர் எச்சரிக்கைக்குப் பதிலளிக்காவிடில் இன்சுலினை 2 மணி நேரம் வரை நிறுத்தியது. பின்னர் தானே மீண்டும் தொடங்கியது.
* முன்கணிப்பு நிறுத்தம்: 2015 இல் வெளிவந்த மினிமெட் 640ஜி, அடுத்த 30 நிமிடங்களில் அளவு எல்லையை நெருங்கும் எனக் கணித்தால் முன்கூட்டியே நிறுத்தியது.
* செலுத்து வரம்புகள்: ஒரு வேளைக்கும் ஒரு மணி நேரத்திற்கும் உரிய உச்ச அளவுகளை மென்பொருள் மீற இயலாது. முன்னர்ச் செலுத்தி இன்னும் செயற்பட்டுக்கொண்டிருக்கும் இன்சுலினும் கணக்கில் கழிக்கப்படும்.
* பின்வாங்கு நிலை: 2016 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் கலப்பு முறைமையான மினிமெட் 670ஜி, உணரியின் தரவு கிடைக்காதபோது குறைந்த, மாறாத அளவில் 90 நிமிடங்கள் வரை இன்சுலினைச் செலுத்தியது. அதன் பின்னர் வழக்கமான கைமுறை நிலைக்குத் திரும்பியது.
* அடைப்பு எச்சரிக்கை: குழலில் அழுத்தம் கூடினால் ஒலி எழுப்பும். மெதுவான கசிவையும் குழல் கழன்றதையும் இது கண்டறியாமல் போகலாம்.

2015 இல் டேனா லூயிசு, சுகாட் லீபிராண்டு ஆகியோர் வெளியிட்ட ஓப்பன்ஏபிஎசு என்னும் திறமூலத் திட்டமும் இதே கொள்கையைப் பின்பற்றியது. மென்பொருள் தரும் ஒவ்வொரு மாற்றக் கட்டளையும் 30 நிமிடங்களில் காலாவதியாகும். கணினி செயலிழந்தால், மருத்துவர் வகுத்த வழக்கமான அளவுக்குப் பம்பு தானே திரும்பிவிடும். திறமூல முறைமை குறித்து நியூசிலாந்தில் 97 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2022 இல் வெளியாயின. அதில் கடுமையான சர்க்கரைக் குறைவோ கீட்டோ அமிலத்தேக்கமோ பதிவாகவில்லை.

அறியப்பட்ட குறைபாடுகள்

உணரி தவறினால் மென்பொருளும் தவறும். உணரியின் மேல் படுத்து உறங்கினால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டலாம். கார்டியன் 3 போன்ற சில உணரிகளில் பாராசிட்டமால் மாத்திரை அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். அதனை நம்பிக் கருவி தேவைக்கு மிகுதியான இன்சுலினைச் செலுத்தக்கூடும். காய்ச்சலுக்கு இம்மாத்திரையை உட்கொள்வோர் தம் உணரியின் கையேட்டைப் பார்த்தல் வேண்டும்.

கம்பியில்லாத் தொடர்பும் இடருக்கு இடமளிக்கிறது. 2019 சூனில், வெளியார் ஊடுருவி அமைப்புகளை மாற்றக்கூடும் என்பதால் மினிமெட் 508, பாரடைம் வரிசைப் பம்புகள் குறித்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் எச்சரித்தது. 2024 இல் டேண்டம் நிறுவனத்தின் ஐபோன் செயலியின் 2.7 பதிப்பு, மீண்டும் மீண்டும் நின்று தொடங்கியதால் பம்பின் மின்கலம் விரைவில் தீர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 15 வரை 224 பேர் பாதிக்கப்பட்டதாகப் பதிவாகியது; இறப்பு எதுவும் பதிவாகவில்லை.

சென்னையின் மேற்குப் புறநகரில்

வெப்பம்: திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்தல் வேண்டும். பம்பினுள் உள்ள இன்சுலின் 37 பாகைக்கு மேல் சூடானால் அதனை மாற்றும்படி உற்பத்தியாளர்கள் அறிவுறுத்துகின்றனர். கத்திரி வெயிற் காலத்தில் சென்னையின் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டுவது உண்டு. உலைக்கு அருகே பணிபுரிவோருக்கும் இரு சக்கர வண்டியில் நெடுநேரம் செல்வோருக்கும் இவ்வரம்பு எளிதில் மீறப்படும். வீரியம் இழந்த இன்சுலினைக் கருவியால் அடையாளம் காண இயலாது. சர்க்கரை குறையாததை மட்டுமே அது காணும்.

வெள்ளமும் மின்தடையும்: 2023 திசம்பர் மாதத்தில் மிக்சாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை நீரில் மூழ்கியது. நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் தடைபட்டன. இத்தகைய நாட்களில் மின்னேற்றம் தேவைப்படும் பம்பும், தொலைவில் உள்ள உறவினருக்கு எச்சரிக்கை அனுப்பும் வசதியும் பயனற்றுப் போகலாம். இந்தியாவில் கிடைக்கும் மினிமெட் 780ஜி, கடைகளில் விற்கும் ஒற்றை 'ஏஏ' மின்கலத்தில் இயங்குகிறது. எனினும் அதன் உணரியின் அலைபரப்பிக்கு மின்னேற்றம் தேவை. குளிர்பெட்டி இயங்காதபோது, வெளிப்புறம் ஈரமாக்கப்பட்ட மண்பானையினுள் நீர் படாதவாறு இன்சுலினை வைப்பது பயனளிக்கும் முறையாகும்.

இன்சுலின் செறிவு: இந்தியாவில் மில்லிலிட்டருக்கு 40 அலகு, 100 அலகு ஆகிய இரு செறிவுகளிலும் இன்சுலின் குப்பிகள் விற்கப்படுகின்றன. பம்புகள் 100 அலகுச் செறிவுக்கென அமைந்தவை. பம்பு பழுதாகி ஊசிக்கு மாறும் அவசரத்தில், 100 அலகு இன்சுலினை 40 அலகு ஊசியில் 10 என்னும் கோடு வரை எடுத்தால் உடலுக்குள் செல்வது 25 அலகுகளாகும். எந்த மென்பொருளாலும் இப்பிழையைத் தடுக்க இயலாது. 40 அலகு ஊசிக்குச் சிவப்பு மூடியும் 100 அலகு ஊசிக்குச் செம்மஞ்சள் மூடியும் வழக்கில் உள்ளன. மூடியின் நிறத்தோடு ஊசியின் மேல் அச்சிட்ட எண்ணையும் சரிபார்த்தல் நன்று.

மாற்று ஏற்பாடுகள்

பம்பு பயன்படுத்துவோர் விரல்நுனிக் குருதிச் சோதனைக் கருவி, உரிய ஊசி அல்லது இன்சுலின் பேனா, மாற்றுக் குழல், கீட்டோன் சோதனைத் தாள், குளுக்கோசு மாவு ஆகியவற்றைக் கைவசம் வைத்திருப்பதுடன், தம் வழக்கமான இன்சுலின் அளவுகளைத் தாளில் எழுதி வைத்தலும் வேண்டும். காரணமின்றிச் சர்க்கரை 250-க்கு மேல் நீடித்தால் குழலை மாற்றி, மருத்துவர் கூறியவாறு ஊசி வழியாக இன்சுலின் எடுப்பது வழக்கம். நினைவிழந்தவருக்கு வாய்வழி எதையும் புகட்டாமல் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

கண்காணிப்பு

இந்தியாவில் இக்கருவிகள் 2017 மருத்துவக் கருவிகள் விதிகளின் கீழ் வருகின்றன. கருவிகளால் விளையும் தீங்குகளைப் பதிவு செய்ய 2015 சூலை மாதத்தில் மருத்துவக் கருவிகள் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. நோயாளிகளும் இதில் முறையிடலாம்.

இவற்றையும் பார்க்க

* நீரிழிவு நோய்
* இன்சுலின்
* கணையம்