எண்ணெய் நீவல்: சிசுப் பராமரிப்பு வழக்கம் ஒன்றின் நவீன வரலாறு

பிறந்த குழந்தையைக் கால்களின்மீது கிடத்தி, எண்ணெய் தேய்த்துக் கைகால்களை நீவி நீராட்டுவது இந்தியத் துணைக்கண்டத்தின் பல பகுதிகளில் பாட்டிமாரும் மருத்துவச்சிகளும் வழிவழியாகக் காத்துவந்த வழக்கமாகும். உடலில் எண்ணெய் பூசித் தேய்க்கும் இம்முறையை ஆயுர்வேதம் 'அப்யங்கம்' என வழங்குகிறது.

பிரெஞ்சு மகப்பேறு மருத்துவரான பிரெடெரிக் லெபோயே, கல்கத்தாவில் ஒரு தாய் தம் குழந்தையை நீவுவதைக் கண்டு, அவர் பெயரையே தலைப்பாக்கி 1976-இல் 'சாந்தலா' என்னும் நூலை வெளியிட்டதால், இவ்வழக்கம் மேற்குலகில் பரவலாக அறியப்பட்டது.

அமெரிக்க உளவியலாளர் டிஃபனி ஃபீல்டும் அவருடைய குழுவினரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு, நீவலை மருத்துவமனைக்குள் கொண்டுசென்றது. குறைமாதக் குழந்தைகளுக்கு, அதாவது 37 வாரங்கள் நிறையுமுன் பிறந்தோருக்கு, நாளொன்றுக்கு மும்முறை 15 நிமிடங்கள் வீதம் 10 நாள்கள் உடலை வருடிக் கைகால்களை மடக்கி நீட்டியபோது, அவ்வாறு செய்யப்படாதோரைவிட அவர்களின் அன்றாட எடைகூடல் 47 விழுக்காடு மிகுந்திருந்ததாகவும், அவர்கள் 6 நாள்கள் முன்னதாக வீடு திரும்பியதாகவும் அது தெரிவித்தது. 1992-இல் மயாமி பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஃபீல்ட் நிறுவிய தொடுகை ஆய்வு நிறுவனம், ஆஸ்துமா, நீரிழிவு முதலியவற்றால் துன்புறும் சிறாரிடத்தும் இத்தகைய ஆய்வுகளை விரித்தது. எனினும், பிற்கால ஆய்வுத் தொகுப்புகள் பல சோதனைகளின் முறையியல் குறைகளைச் சுட்டியதால், நீவல் மருத்துவத்துக்கு மாற்றாகாது, துணையாகவே கொள்ளப்படுகிறது.