நூறுக்கு எத்தனை புள்ளி? குழந்தை வளர்ச்சி வரைபின் கதை



குறொன்லாண்டிலோ தொயெனிலோ கைக்குழந்தையோடு வாழும் எங்கள் குடும்பங்களுக்கு ஹெல்சஸ்தஷோன் எனப்படும் சிறுவர் நலநிலையம் புதியதல்ல. அங்கே பிள்ளையை நிறுத்து, நீளம் அளந்து, ஒரு குற்று வைப்பார்கள். முன்னர் அது தாளில் இருந்தது, இப்போது கணினித் திரையில். குற்றுக்குப் பின்னால் பல வளைகோடுகள் மேல்நோக்கி ஓடும். ஒன்றின் ஓரத்தில் 25 என்றும் இன்னொன்றின் ஓரத்தில் 50 என்றும் எழுதியிருக்கும். பரீட்சையும் புள்ளியுமாக வளர்ந்த எங்களுக்கு அதைக் கண்டதும் வரும் எண்ணம் ஒன்றுதான்: பிள்ளை நூறுக்கு இருபத்தைந்துதான் எடுத்திருக்கிறது!

அது புள்ளியல்ல, வரிசை. ஒரே வயதுள்ள நூறு ஆரோக்கியமான பிள்ளைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக நிற்க வைத்தால், இந்தப் பிள்ளை ஏறக்குறைய இருபத்தைந்தாவதாக நிற்கும். யாராவது ஒருவர் அந்த இடத்தில் நிற்கத்தானே வேண்டும். ஆனால் இதை யாரும் விளக்காவிட்டால் தாய்ப்பால் போதவில்லையோ என்ற பயம் தாய்க்கு வந்துவிடுகிறது. பயத்துக்குப் பின்னால் புட்டிப்பாலும் வந்துவிடுகிறது. ஒரு படத்தைத் தவறாக வாசிப்பதால் பிள்ளையின் உணவே மாறிப்போகிறது. அப்படியானால் இந்தப் படம் யாருக்காக வரையப்பட்டது?

பிரான்சில் மொன்பெயார் என்பவர் 1759இல் பிறந்த தன் மகனின் உயரத்தைப் பதினெட்டு வயதுவரை குறித்து வைத்தார். இயற்கை வரலாற்று அறிஞர் புஃபோன் 1777இல் அதைத் தன் நூலில் சேர்த்தார். எல்லாம் எண்களாகவே இருந்தன. 1927இல் ஸ்கம்மன் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் அந்த எண்களை ஒரு கோடாக வரைந்தார். குழந்தைப் பருவத்தில் வேகமாக ஏறி, பிறகு தணிந்து, பதின்ம வயதில் மீண்டும் பாயும் வளர்ச்சி அப்போது கண்ணுக்கு முன் வந்தது. இருந்த எண்கள்தான், ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளாக அட்டவணைக்குள் கிடந்தன.

ஒஸ்லோவுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. பாடசாலை மருத்துவரான கார்ல் ஷ்யோட்ஸ் இந்த நகரத்துப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் நிறுத்தும் அளந்தும் பார்த்தவர். பாணும் பாலும் கரட்டும் மீனெண்ணெயும் சேர்ந்த 'ஒஸ்லோ காலையுணவு' பாடசாலைகளுக்கு வர உழைத்தவரும் அவரே. 1920 முதல் சேர்ந்துவந்த ஒஸ்லோ மாணவர்களின் அளவுகளை 1970களில் ஒரு பெண் மருத்துவர் இரு ஆய்வாளர்களோடு சேர்ந்து ஆராய்ந்தார். அவர் நகரப் பாடசாலைச் சுகாதார சேவையில் துணை இயக்குநராக இருந்தவர். பின்னாளில் நோர்வேயின் பிரதமரான குரூ ஹார்லம் புருண்ட்லாண்ட்தான் அவர். ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்துவந்த கோடு ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் சரிந்து, போர் முடிந்தபின் மீண்டும் நிமிர்கிறது. போர்க்காலத்தில் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இப்படி ஆண்டுவாரியாக ஒரு கோடு இருந்திருந்தால் அது எப்படிப் போயிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் அது நகரசபைக்கும் அரசுக்குமான படம். ஒரு தாய் தன் பிள்ளையை அதில் காணமாட்டாள்.

தாய்க்காக வரைந்தவர் டேவிட் மோர்லி என்ற ஆங்கில மருத்துவர். 1950களின் பிற்பகுதியில் நைஜீரியாவின் இலேஷா பகுதியில் வேலை செய்தபோது அவர் ஒரு அட்டையை உருவாக்கினார். பல கோடுகளை நீக்கிவிட்டு இரண்டை மட்டும் வைத்தார். மேற்கோடு ஆண் குழந்தைகளின் நடு அளவு, கீழ்க்கோடு பெண் குழந்தைகளின் தாழ்ந்த அளவு. இரண்டுக்கும் இடைப்பட்ட பாதைதான் 'ஆரோக்கியப் பாதை'. மாதங்கள் பிள்ளை பிறந்த மாதத்திலிருந்து தொடங்கும், ஆகவே வயதைக் கணக்கிட வேண்டியதில்லை. சின்னமுத்து வந்ததும் தாய் மீண்டும் கர்ப்பமானதும் அதே அட்டையில் எழுதப்பட்டன. அட்டை தாயின் கையிலேயே இருந்தது. வைத்தியசாலையை விடத் தாய்மார் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள் என்று மோர்லி கண்டார். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இலங்கையில் நாங்கள் கண்ட கிளினிக் கார்ட்டும் இந்த வழியில் வந்ததே.

தமிழ்நாடு இன்னொரு படி மேலே போனது. 1980இல் மதுரை மாவட்டத்தின் கோட்டாம்பட்டி ஒன்றியத்தில், உலக வங்கிக் கடனோடு, தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையான பிள்ளைகளைக் கிராமப் பணியாளர் மாதந்தோறும் நிறுத்தார். பிள்ளை எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை, கோடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையும் பார்த்தார்கள். நிறை ஏறாமல் நின்ற பிள்ளைக்கு மூன்று மாதம் சத்துணவு கிடைத்தது, தேறியதும் நிறுத்தப்பட்டது. பிறகு யுனிசெப் இம்முறையை உலகெங்கும் பரப்பியது. பல இடங்களில் நிறுத்தார்கள், குற்று வைத்தார்கள், தாயோடு ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் தராசு வாங்கிய காசே வீண்.

இன்னொரு சிக்கலும் இருந்தது: கோடுகள் யாருடைய பிள்ளைகளிடமிருந்து வந்தவை? உலகம் முழுதும் பயன்பட்ட பழைய வரைபில் குழந்தைப் பருவக் கோடுகள் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஒரே பகுதியில் வாழ்ந்த, பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த, வெள்ளையினப் பிள்ளைகளுடையவை. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை சில மாதங்களின் பின் அதில் பின்தங்குவதாகத் தெரியும். பிழை பிள்ளையில் இல்லை, கோட்டில்.

அதனால் உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் சுமார் 8,500 பிள்ளைகளை அளந்தது. பிரேசில், கானா, ஓமான், அமெரிக்கா, இந்தியா, நோர்வே. இந்தியாவில் தென் டில்லி, நோர்வேயில் எங்கள் ஒஸ்லோ! (அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி அந்நிறுவனத்தின் தலைவராக இருந்தவரும் அதே புருண்ட்லாண்ட்தான்.) தாய்ப்பால், புகைபிடிக்காத தாய், வறுமையில்லாத வீடு என்பவை நிபந்தனைகள். 2006இல் முடிவு வந்தது. பிள்ளைகளின் நீள வேறுபாட்டில் நாட்டுக்கு நாடு உள்ள பங்கு சுமார் 3 சதவீதம், ஒரே இடத்துப் பிள்ளைகளுக்கிடையே உள்ள பங்கு சுமார் 70 சதவீதம். வசதி ஒன்றாக இருந்தால் டில்லிப் பிள்ளையும் ஒஸ்லோப் பிள்ளையும் முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய ஒன்றாகவே வளர்கின்றன. 'நாங்கள் சின்ன உடம்புக்காரர்' என்று சொல்லிக் குறைநிறையைக் கவனியாமல் விடுவதற்கும், 'வெள்ளைக்காரப் பிள்ளையின் கோடு எங்களுக்குப் பொருந்தாது' என்று தள்ளுவதற்கும் இதற்குப் பிறகு இடம் குறைவு. நோர்வே பேர்கன் நகரில் தனியாக ஓர் ஆய்வும் நடத்தி 2009இல் தன் பிள்ளைகளுக்கான வரைபுகளை வெளியிட்டது.

உலக சுகாதார நிறுவனம் அந்த அளவுகளை ஒரே படமாகத் தரவில்லை. மருத்துவருக்கும் தாதிக்கும் நூற்று வரிசைக் கோடுகள். நாட்டுக்கு நாடு ஒப்பிடும் ஆய்வாளருக்கு, நடு அளவிலிருந்து எவ்வளவு விலகல் என்று காட்டும் வேறு கோடுகள். இலங்கைக் கார்ட்டில் தாய் பார்ப்பதோ நிறப்பட்டைகளை. பச்சையில் நிற்கிறதா, சிவப்புக்கு இறங்குகிறதா என்பதற்கு எழுத்தறிவே தேவையில்லை.

ஒஸ்லோவில் எங்களுக்குக் காட்டப்படுவது தாதிக்குரிய படம். ஆகவே அடுத்த முறை போகும்போது 25ஐயும் 50ஐயும் பார்த்துக் கலங்காமல், "முந்தின மாதக் குற்றுகளையும் காட்டுங்கோ" என்று கேளுங்கள். இருபத்தைந்தாம் கோட்டோடு ஒட்டியே ஏறிவரும் பிள்ளை அநேகமாக நன்றாகத்தான் இருக்கும். எழுபத்தைந்தில் இருந்து மாதாமாதம் இறங்கிவரும் பிள்ளையைப் பற்றித்தான், பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தாலும், தாதியோடு இருந்து பேச வேண்டும்.